கருஞ்சாம்பல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் என் நண்பர் ஒருவர் வேலை பார்க்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அண்ணன் என்றே கூப்பிடுவேன். சொந்த ஊர் வேடசந்தூர்ப் பக்கம். உலைக்கு அருகே நின்றால் எல்லோர் கண்ணும் கொதிக்கும் இரும்பின்மேல் போகும். இவர் கண் மட்டும் அதன்மேல் மிதக்கும் ஸ்லாக் என்ற கசடின்மேல் போகும். "இரும்பு எப்பவும் பளபளன்னுதான் இருக்கும் தம்பி. உள்ளே என்னத்தைப் போட்டாங்கங்கிறதை ஸ்லாக்குதான் சொல்லும்" என்பார். அதன் நிறம், இளக்கம், ஆறியபின் உடைகிற விதம் ஆகியவற்றை வைத்தே அன்றைக்கு வந்த பழைய இரும்பின் யோக்கியதையில் பாதியைச் சொல்லிவிடுவார். மீதிப் பாதிக்குத்தான் கருவி.

ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "மச்சினன் அமெரிக்காவுலேருந்து வந்திருக்கான். டொமினிக்கன் சுருட்டாம், ஒண்ணு குடுத்துட்டுப் போனான். ஒண்ணே இருபது டாலராம். நானும் குடிக்கிறதில்லை, நீங்களும் குடிக்கிறதில்லை. எரிச்சாவது பார்ப்போம், ஞாயித்துக்கிழமை வாங்க."

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது மொட்டை மாடியில் மேசை போட்டு, இரண்டு சுருட்டுகளை அருகருகே வைத்திருந்தார். ஒன்று மச்சினன் கொடுத்தது. இன்னொன்று அவரே ஊருக்குப் போயிருந்தபோது திண்டுக்கல் கடையொன்றில் வாங்கி வந்த, பெயரும் முத்திரையும் இல்லாத நாட்டுச் சுருட்டு. பக்கத்தில் ஒரு பெரிய சிரிஞ்ச், கொஞ்சம் ரப்பர் குழாய், லிட்மஸ் தாள், மூடி போட்ட பழுப்புக் கண்ணாடிப் புட்டி. "சுருட்டுக் குடிக்கத் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் வேணாம். நமக்கு வேணும்" என்றார்.

டொமினிக்கன் சுருட்டு ஐந்து அங்குல நீளம், கட்டைவிரல் பருமன். சுருட்டு உலகத்தில் பருமனை அங்குலத்தின் அறுபத்து நான்கில் ஒரு பங்காக எண்ணுவார்கள். இது ஐம்பது, அதாவது இருபது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மேலே போர்த்திய இலை காப்பிப் பொடி நிறத்தில், நரம்பே தெரியாமல், எண்ணெய் தடவிய கைபோல மினுமினுத்தது. வாயில் வைக்கும் முனைக்கு இலையாலேயே தொப்பி போட்டு ஒட்டியிருந்தார்கள். அதை நறுக்கினால்தான் இழுக்க முடியும். கழுத்தில் தங்க வண்ணக் காகித மோதிரம். நம்மூர்ச் சுருட்டுக்குத் தொப்பியும் இல்லை, மோதிரமும் இல்லை. இரு முனையும் திறந்து, கறுத்துக் கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. ஆங்கிலத்தில் முனை திறந்த சுருட்டுக்குச் செரூட் என்று தனிப்பெயர் உண்டு. நம் ‘சுருட்டு’தான் ஐரோப்பியர் வாயில் புரண்டு அப்படி ஆயிற்று.

இரண்டுக்கும் மூதாதை ஒன்றே. 1492-இல் கொலம்பஸ் போய் இறங்கிய கரீபியத் தீவுகளில் தைனோ மக்கள் இலையைச் சுருட்டிப் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தீவுகளில் ஒன்றான ஹிஸ்பானியோலாவின் கிழக்குப் பகுதிதான் இன்றைய டொமினிக்கன் குடியரசு. பிறகு போர்ச்சுக்கீசியர் கையில் இந்தச் செடி நம் கரைக்கு வந்து, பதினேழாம் நூற்றாண்டு தொடங்கும்போதே பீஜப்பூரிலிருந்து அக்பர் சபைவரை போய்விட்டது. தமிழ்நாட்டில் திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும் சுருட்டுக்குப் பெயர் வாங்கின. சென்னை ஸ்பென்சர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே இருந்தது. டொமினிக்கன் சுருட்டுக்கு இன்றைய மவுசு வந்தது ரொம்பப் பிந்தித்தான். 1959-இல் கியூபாவில் புரட்சி, 1962-இல் அமெரிக்கா போட்ட வணிகத் தடை. அதற்குப் பிறகு கியூபச் சுருட்டுக்காரர்கள் பலர் விதையோடும் கைப்பழக்கத்தோடும் சாந்தியாகோ நகரைச் சுற்றியுள்ள சிபாவோ பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே இன்றும் விளையும் ஒரு ரகத்துக்குப் பெயரே பிலோட்டோ கூபானோ.

சுருட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்களின் சடங்கு நம்மூர்ப் பெண் பார்க்கும் படலத்துக்குக் குறைந்ததல்ல. முதலில் பார்ப்பது. பிறகு அமுக்கிப் பார்ப்பது. கட்டி தட்டினாலும் குற்றம், பொக்கென்று உள்ளே போனாலும் குற்றம். பிறகு பற்றவைக்காமலே ஒரு இழுப்பு. அதன் பிறகுதான் நெருப்பு. நீளத்தை மூன்றாகப் பிரித்து முதல் மூன்றிலொன்று எப்படி, நடு எப்படி, கடைசி எப்படி என்று குறித்துக்கொள்வார்கள். ஆலையில் வேலை பார்ப்பவருக்கு இந்த ‘இழுப்பு’ நன்றாகப் புரியும். பொடி அடைத்த குழாயின் ஒரு முனையில் உறிஞ்சினால் மறுமுனைக்கும் இதற்கும் எவ்வளவு அழுத்த வேறுபாடு வருகிறது என்ற கணக்குதான் அது. உள்ளே இலையை விசிறி மடிப்பாக மடித்து, நீளவாக்கில் காற்றுக்கு வழி விட்டு அடுக்க வேண்டும். சுருட்டுகிறவரின் விரல் எங்காவது ஓரிடத்தில் சோம்பினால் நெருப்பு அந்தப் பொந்து வழியே ஓடி, ஒரு பக்கம் மட்டும் எரிந்துகொண்டு போகும். பெரிய பட்டறைகளில் சுருட்டைப் போர்த்துவதற்கு முன்பே உறிஞ்சு கருவியில் மாட்டி இழுப்பை அளந்துவிடுகிறார்கள்.

எங்கள் உறிஞ்சு கருவி சிரிஞ்ச். இதற்கும் உலக அளவில் ஒரு நியதி உண்டு. ஆய்வகத்தில் சிகரெட்டைப் புகைக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடியில், 35 மி.லி. இழுக்கும். சுருட்டு என்றால் 40 விநாடிக்கு ஒரு முறை, ஒன்றரை விநாடியில், 40 மி.லி.; பருமனான சுருட்டுக்கு அளவு கூடும். அண்ணன் தொப்பியை நறுக்கி, ரப்பர் குழாயில் சுருட்டைச் செருகி, நெருப்பைத் தொட்டும் தொடாமலும் காட்டிப் பற்றவைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து ‘இப்போ’ என்று சொல்ல, அவர் சிரிஞ்சை இழுத்தார். வாயே படாமல் ஒரு சுருட்டு குடிபட்டுக்கொண்டிருந்தது. கீழே துணி உலர்த்த வந்த வீட்டுக்கார அம்மாள் எங்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்தது லிட்மஸ். சிவப்புத் தாளை நனைத்துப் புகையில் காட்டினால், புகை காரமாக இருந்தால் நீலமாகும். தேநீர்க் கடையில் வாங்கிய ஒரு சிகரெட்டை முதலில் வைத்தோம். தாள் சிவப்பாகவே இருந்தது. டொமினிக்கன் சுருட்டு பாதி எரிந்திருந்தபோது புதுத் தாளைக் காட்டினோம்; ஓரத்திலிருந்து நீலம் ஏறியது. நாட்டுச் சுருட்டிலும் அப்படியே.

இந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. நிக்கோட்டின் இரண்டு வேடம் போடும். அமிலச் சூழலில் ஒரு புரோட்டானை ஒட்டிக்கொண்டு உப்பாக இருக்கும்; அப்போது வாயின் உள்தோலைத் தாண்டாது. காரச் சூழலில் அந்தப் புரோட்டானை உதறிவிட்டுத் தனியாகத் திரியும். அப்போது கன்னத்தின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் புகுந்துவிடும். காரகாடி எண் 8-இல் ஏறத்தாழப் பாதி நிக்கோட்டின் தனியே திரியும். 6-இல் நூறில் ஒரு பங்குதான். சிகரெட் புகை 6-ஐ ஒட்டி நிற்பதால் நுரையீரலின் பரந்த பரப்புவரை இழுத்தால்தான் சிகரெட்காரருக்குத் திருப்தி. சுருட்டுப் புகை 8-ஐ எட்டிவிடும். அதனால்தான் சுருட்டுக்காரர் புகையை விழுங்காமல் வாயிலேயே வைத்து ஊதிவிடுகிறார்.

இதை நம் பாட்டிகள் வேதியியல் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். வெற்றிலையில் புகையிலையோடு சுண்ணாம்பு தடவுவது எதற்கு? வாய் சிவக்க மட்டுமல்ல. சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்குகிறது. புகையிலையின் நிக்கோட்டின் விடுபட்டுக் ‘கிர்’ரென்று ஏறுகிறது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும், குறைந்தால் புகையிலை ‘பேசாது’. சுருட்டு அந்தச் சுண்ணாம்பைத் தன் புகைக்குள்ளேயே அம்மோனியாவாக வைத்திருக்கிறது.

‘விழுங்குவதில்லையே, அதனால் ஆபத்தில்லை’ என்று சுருட்டு ரசிகர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நுரையீரலுக்குப் போகாத புகை வாயிலும் தொண்டையிலும் தங்கி வேலை செய்கிறது. வாய், குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்கும் சுருட்டுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்ட ஒன்று. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கலாம். சுவைக்காக இலையை அம்பாரமாக அடுக்கிப் புளிக்கவைக்கும்போதே, நைட்ரோசமின் என்ற புற்றுநோய்ப் பொருள்களும் இலையில் சேர்கின்றன. மணமும் நஞ்சும் ஒரே அம்பாரத்தில் பழுப்பவை.

அம்பாரம் என்றதும் அண்ணன் முகம் மாறிவிட்டது. அவர் அப்பா புகையிலை போட்டவர். "வெட்டின செடிய வெயில்ல காயப்போட்டு, அப்புறம் அடுக்கி வச்சுருவாங்க தம்பி. நாலஞ்சு நாள்ல உள்ளே கொதிக்கும். அப்பா கைய உள்ளே விட்டு இருபது எண்ணுவாரு. பொறுக்கலைன்னா பிரிச்சு அடுக்கச் சொல்லுவாரு. பனிப் பதத்துலதான் தொடணும். வெயில் ஏறினா அப்பளமா நொறுங்கிரும்." டொமினிக்கனில் இதையே பிலோன் என்ற பெரிய அடுக்குகளாக, டன் கணக்கில், வாரக்கணக்கில் செய்கிறார்கள்; வெப்பமானியை நடுவில் செருகி, 50 டிகிரியை ஒட்டி வந்ததும் மேலது கீழாகப் புரட்டுகிறார்கள். இருபது எண்ணுவதற்கும் வெப்பமானிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தீயே இல்லாமல் இந்தச் சூடு வருவது, இலையிலுள்ள நொதிகளும் நுண்ணுயிர்களும் புரதத்தை உடைக்கும் வேலையால். உடைந்ததில் மிச்சமாகும் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறக்கிறது. பழவேற்காட்டுப் பக்கம் மீனுக்கு ஐஸ் கட்டி போடும் ஆலைகளில் எப்போதாவது கண்ணைக் கரிக்குமே, அதே வாடைதான் புகையிலைக் கொட்டகையிலும். இலையில் இருந்த சர்க்கரையோ அதற்கு முன்பே, மெல்லக் காயும் வாரங்களில், இலை தானே மூச்சுவிட்டுத் தீர்த்துவிட்டிருக்கும். சிகரெட் புகையிலை வேறு ஜாதி. கும்மிடிப்பூண்டி தாண்டி இதே தண்டவாளத்தில் வடக்கே போனால் வரும் ஓங்கோல் பக்கத்தில், அதைச் சூட்டறையில் சில நாட்களில் காயவைத்துவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளேயே சிறைப்படுகிறது. எரியும்போது சர்க்கரை அமிலம் தருகிறது. லிட்மஸ் சிவப்பாகவே நின்றதன் காரணம் அது. சர்க்கரை போய் அம்மோனியா தங்கியிருந்தால் நீலம்.

இனி சுவை. விமர்சகர்கள் எழுதுவதைப் படித்தால் சுருட்டா பலசரக்குக் கடையா என்று சந்தேகம் வரும். தோல், காப்பி, கோகோ, மிளகு, தேவதாரு, ஈரமண். இதில் பாதி உண்மை. காப்பிக்கொட்டையும் நிலக்கடலையும் வறுபடும்போது எழும் பைரசீன் என்ற மணப்பொருள்கள், பழுத்த புகையிலை எரியும்போதும் எழுகின்றன. இலையின் மஞ்சள் நிறமியான கரோட்டின் மெல்ல உடையும்போது வரும் துண்டுகளின் உறவினர்கள்தான் ரோஜாவிலும் தேயிலையிலும் மணக்கிறார்கள். ‘மிளகு’ என்பது சுவையே அல்ல. நிக்கோட்டினும் அம்மோனியாவும் மூக்கின் வலி நரம்பைத் தொடுவதுதான். மிளகாய் நாக்கைச் சுடுவதுபோல. தேவதாரு மணமோ பெரும்பாலும் பெட்டியிலிருந்து வருகிறது. அந்தப் பெட்டி மரத்தை ‘ஸ்பானியத் தேவதாரு’ என்கிறார்கள். உண்மையில் அது தேவதாருவே அல்ல, நம் வேம்பின் குடும்பம். நம் மலைகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய உறவு. இந்த மணங்களையெல்லாம் நாக்கு அறியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் காப்பி குடித்துப் பாருங்கள், வெறும் சூடும் கசப்பும்தான் மிஞ்சும். தேர்ந்த சுருட்டுக்காரர்கள் வாய்ப்புகையில் கொஞ்சத்தைத் தொண்டை வழியாக மூக்குக்கு அனுப்பி வெளியே விடுவது இதற்காகத்தான்.

மீதிப் பாதி, மோதிரத்தின் வேலை. 2008-இல் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே திராட்சை மதுவை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து, குடித்தவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். விலை கூடியதாகச் சொன்னபோது நன்றாக இருக்கிறது என்று வாய் மட்டும் சொல்லவில்லை. இன்பத்தைப் பதிவுசெய்யும் மூளைப் பகுதியும் கூடுதலாகத் துடித்தது. பொய் சொல்லவில்லை அவர்கள்; உண்மையாகவே கூடுதலாக ரசித்தார்கள். இருபது டாலர் சுருட்டை ரசிப்பவரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அண்ணன் முதல் வேலையாக மோதிரத்தைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டது எனக்குப் பிடித்திருந்தது.

மூளை ஏமாறலாம், சாம்பல் ஏமாறாது. டொமினிக்கன் சுருட்டின் நுனியில் இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சாம்பல் விழாமல் நின்றது. வெள்ளையும் சாம்பலும் கலந்து, அடுக்கி வைத்த அப்பளக் கட்டுபோல வரிவரியாக இருந்தது. நாட்டுச் சுருட்டின் சாம்பல் கறுத்து, செதில் செதிலாகப் பிரிந்து, தட்டும் முன்பே மேசையில் உதிர்ந்தது.

எனக்கு உடனே ஷெர்லாக் ஹோம்ஸ் நினைவு வந்தார். 1887-இல் வெளிவந்த அவருடைய முதல் கதையில், கொலை நடந்த அறையின் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலைகாரன் குடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். அடையாளம், சாம்பல் கறுப்பாகவும் செதிலாகவும் இருந்ததுதான். நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பல்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதியவர் அவர், கதைப்படி. படித்த காலத்தில் கதைக்காரரின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தச் சாம்பலே என் முன்னால் மேசையில் கிடந்தது.

புகையிலைச் சாம்பல் சாதாரணச் சாம்பல் அல்ல, அளவிலேயே. விறகு எரிந்தால் நூறு கிராமுக்கு ஓரிரு கிராம் சாம்பல்தான் மிஞ்சும். புகையிலையில் பதினைந்திலிருந்து இருபத்தைந்து கிராம். இவ்வளவு சாம்பல் தரும் இன்னொரு பொருளைச் செங்குன்றம் அரிசி ஆலைகளில் பார்க்கலாம்: உமி. ஆனால் உமிச் சாம்பல் கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா, மணல். புகையிலைச் சாம்பலில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும். செடி மண்ணிலிருந்து உறிஞ்சியதெல்லாம் இலையில் தங்கி, எரிந்தபின் எலும்புக்கூடுபோல மிஞ்சுகிறது. சாம்பல் விழாமல் நிற்பதற்கு அந்த எலும்புக்கூடும், உள்ளே முழு நீள இலையாக வைத்ததும் காரணம். தூள் அடைத்த சுருட்டில் நிற்காது.

அந்தப் பொட்டாசியம் இன்னொரு வேலையும் செய்கிறது. அண்ணன் ஒரு சீனிக் கட்டியை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். உருகி, பழுப்பாகி, சொட்டியது, எரியவில்லை. இன்னொரு கட்டியின் மூலையில் சுருட்டுச் சாம்பலைத் தேய்த்துவிட்டு மறுபடி காட்டினார். நீலச் சுடரோடு பற்றிக்கொண்டது. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால். சாம்பல் எரிவதில்லை, ஆனால் அதிலுள்ள பொட்டாசியம் போன்ற உப்புகள் எரிதலுக்குத் தரகு வேலை பார்க்கின்றன. சுருட்டு வாயிலிருந்து எடுத்த பிறகும் அணையாமல் கங்காகக் கனன்றுகொண்டிருப்பது இந்தத் தரகால்தான். இலையில் பொட்டாசியம் நிறைய இருந்தால் கங்கு சீராகப் போகும்.

இந்தத் தரகுக்கு எதிரி ஒன்று உண்டு: குளோரைடு. நாம் சாப்பிடும் உப்பின் பாதி. இலையின் காய்ந்த எடையில் நூறில் இரண்டு பங்கைத் தாண்டினால் சுருட்டு எரியாமல் அடம் பிடிக்கும். நொடிக்கொரு தரம் தீக்குச்சி தேட வேண்டும். குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து இலையை நமுத்துவிடச் செய்கிறது. எரியும்போது இன்னொன்றும் நடக்கிறது. குளோரைடு உப்புகள் உருகி, இன்னும் எரியாத கரித்துகளைப் போர்த்திவிடுகின்றன. காற்றுப் படாத கரி கரியாகவே நின்றுவிடுகிறது. சாம்பல் கறுக்கிறது.

"இதுதான் தம்பி எங்க லேபுல தினமும் வர்ற தலைவலி" என்றார் அண்ணன். உணவோ நிலக்கரியோ இலையோ, எதைச் சாம்பலாக்கினாலும் உப்பு அதிகமிருந்தால் கறுப்பு போகாது. அதற்கு வைத்தியமும் இருக்கிறது. ஆறவைத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து, உலர்த்தி, மறுபடி உலையில் வைத்தால் வெளுக்கும். மிச்சமிருந்த இலைத்துணுக்குகளை இரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டார். ஆலை வாசலில் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்ளும் காவலர் பொட்டலத்தை ஒன்றும் சொல்லவில்லையாம். திங்கட்கிழமை சாயங்காலம் படம் அனுப்பினார். 550 டிகிரி உலையில் ஒரே நேரம் வைத்த இரண்டு பீங்கான் கிண்ணங்கள். ஒன்றில் விபூதிபோல வெள்ளை. இன்னொன்றில் நடுவில் கறுப்பு முடிச்சு. தண்ணீர் விட்டு இரண்டாம் முறை வைத்தபிறகே அது வெளுத்தது.

வெள்ளைச் சாம்பலென்றால் உயர்ந்த சுருட்டு என்று ரசிகர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெள்ளை, மண்ணிலும் தண்ணீரிலும் உப்பு குறைவு என்பதையும் எரிதல் முழுமையானது என்பதையும் மட்டுமே சொல்கிறது. மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டே சுருட்டை எரித்துவிட்டு இரண்டு நாட்டு மண்ணுக்கும் தீர்ப்பு எழுதவும் கூடாது.

ஆனால் தண்ணீர் கதை தமிழ்நாட்டுக்காரருக்குப் பழக்கமானது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணறுகள் பல உவர்ப்பானவை. நெல்லுக்கு ஆகாத அந்தத் தண்ணீரில் புகையிலை செழித்தது; எரிவதற்கல்ல, மெல்லுவதற்கு. உவர் தண்ணீர்ப் புகையிலைதான் வெற்றிலைக்குச் சுகம் என்று வாங்குகிறவர்கள் தேடி வந்தார்கள். வேதாரண்யத்து மணலில் விளைந்ததும் மெல்லும் புகையிலைதான். 1948-இல் வேடசந்தூரில் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் நோக்கம் சுருட்டுப் புகையிலையாக இருந்தது. போகப்போக அங்கே மெல்லும் புகையிலைக்கே முக்கியத்துவம் வந்துவிட்டது. சுருட்டின்மேல் போர்த்தும் மெல்லிய இலைக்கு மட்டும் திண்டுக்கல்காரர்கள் அந்தக் காலத்திலேயே ஜாவா, சுமத்ரா என்று கப்பல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கே திரும்புவோம். சுருட்டு இரண்டும் அணைந்துவிட்டன. அண்ணன் பழுப்புப் புட்டியைத் திறந்தார். வெள்ளி நைட்ரேட், வெளிச்சம் பட்டால் கறுக்கும் என்பதால் பழுப்புப் புட்டி. அவர் விரல் நுனிகள் எப்போதும் கறை படிந்திருப்பதற்கு இதுவே காரணம். புகையிலைப் பிசின் ஒட்டிய அப்பாவின் கையும் இப்படித்தான் இருக்கும் என்று முன்பு ஒரு முறை சொல்லியிருக்கிறார். இரண்டு சாம்பல்களையும் தனித்தனிக் கிளாசில் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது, பொட்டாசியம் கார்பனேட். பிறகு வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு. டொமினிக்கன் கிளாஸ் அரிசி களைந்த தண்ணீர்போல லேசாகக் கலங்கியது. நாட்டுச் சுருட்டின் கிளாசில் தயிர் உறைந்ததுபோல வெள்ளை திரண்டு அடியில் இறங்கியது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய், மாடிக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தார். வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர். நான் ரயிலில் வந்த வழியெல்லாம், மீஞ்சூரிலிருந்தே, நிலத்தடியில் கடல் ஏறிய ஊர்கள். சென்னைக்கு என்று அங்கே போட்ட கிணறுகளில் இறைத்து இறைத்து, நல்ல தண்ணீர் இறங்கிய இடத்தில் உப்பு நுழைந்துவிட்டது. 2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரையே வடிகட்டி நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலையைத் திறக்கும் நிலை வந்தது. டம்ளரில் அமிலம் ஒரு சொட்டு, வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு.

தயிர்.

அண்ணன் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்தத் தண்ணியில பொகையில போட்டா சுருட்டுக்கு ஆகாது தம்பி" என்றார். "வெத்தலைக்கு ஆகும்." தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, டம்ளரைத் தனியாக வைத்தார், யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாதென்று.